நத்தாருக்கு ரிச் கேக் அடித்தது

ரிச் கேக் என்பது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, பழமும் கஜுவும் நிறையப் போட்டு அடிக்கிற கேக். பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்துச் சாப்பிடுகிற சாமான் இல்லை. தீப்பெட்டி அளவில் வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே மினுங்குதாளும் சுற்றி வீடு வீடாகக் கொடுப்பது. அதனால் இந்த முறை எல்லா வேலையையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் செய்தேன்: வெட்டும்போது உதிராமல் வருமா?

அதற்குப் பாதி விடை நறுக்குவதிலேயே இருக்கிறது. பிளம்ஸ் என்கிற உலர்திராட்சை 250 கிராம், சுல்தானா 250, பூசணித் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் துண்டு) 250, இஞ்சித் தோசி, செரி, தோடம்பழத் தோல் மிட்டாய் மூன்றும் நூறு நூறு, கஜு 250. எல்லாமே அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, அவ்வளவுதான். அரைக்கிற மெஷினில் போட்டால் பழம் களியாகிவிடும், கத்திதான் சரி. தோசி கத்தியில் ஒட்டும். அடிக்கடி வெந்நீரில் தோய்த்தால் சமாளிக்கலாம். செரியை நறுக்கிக் கழுவித் துடைத்துச் சேர்த்தேன். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் கேக் முழுக்கப் பரவும்.

பிறகு பழத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பங்குக்குப் பிராண்டியும் தேனும். மற்றதற்குத் தோடம்பழச் சாறும் தேனும், ஏனென்றால் மேல்மாடியில் இருப்பது முஸ்லிம் குடும்பம். நோன்புப் பெருநாளைக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் தவறாமல் வரும். பதிலுக்குப் பிராண்டி ஊறிய கேக்கைக் கொடுக்க முடியுமா? வனிலா எசன்ஸிலும் மதுசாரம் இருக்கலாம் என்பதால் அந்தப் பங்கில் பன்னீர் (ரோஜா நீர்) மட்டும். கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய்த் தூள் இரண்டுக்கும் பொது. கராம்பைக் கொஞ்சமாகப் போட வேண்டும், கூடினால் பல்வலி மருந்து வாசம் வந்துவிடும்.

இந்தக் கேக்கில் கோதுமை மா இல்லை, ரவைதான். 250 கிராம் ரவையை நிறம் மாறாமல் வறுத்து, இளஞ்சூட்டிலேயே 250 கிராம் பட்டரில் பாதியைப் போட்டுப் பிசறி வைத்தேன். ரவை பட்டரை இழுத்து ஊறினால்தான் கேக் வறளாது. மீதிப் பட்டரை 300 கிராம் சீனியோடு அடித்து, பத்து மஞ்சட்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பிறகு ரவை, வாசனைத்தூள். அதை இரண்டாகப் பிரித்து அந்தந்தப் பழத்தைக் கலந்தேன். கடைசியாக, நுரைக்க அடித்த நான்கு வெள்ளைக்கருவை மெதுவாகப் பிரட்டி விட்டேன்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுகள் இரண்டு. அடியிலும் சுற்றிலும் பத்திரிகைத் தாள் பல மடிப்பு, அதன் மேல் எண்ணெய்த்தாள். இத்தனை சீனியும் பழமும் இருக்கிற கேக்குக்குச் சூடு நேரே பட்டால் உள்ளே வேகுமுன் ஓரம் கருகும். அவண் 150 பாகை, ஒன்றரை மணித்தியாலம் அளவில். மேல்பக்கம் சிவந்ததும் ஒரு தாளால் மூடினேன். ஈர்க்கு குத்திப் பார்க்கும்போது அது காய்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது. பழத்தின் பிசுக்கு கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பச்சைக் கலவை ஒட்டாவிட்டால் போதும்.

இறக்கிய சூட்டில் ஒரு தட்டின் மேல் பிராண்டி தெளித்தேன், மற்றதில் பன்னீர். தட்டிலேயே ஆறவிட்டு, அடுத்த நாள் கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்டியதில் விளிம்பு நேராக வந்தது. சாறு சேர்த்தது நாள்படத் தாங்காது, அதை முதலில் கொடுத்து முடித்தேன். பிராண்டிக் கேக்கில் பாதியை வெட்டாமல் டின்னில் மூடி வைத்திருக்கிறேன், வருசப் பிறப்புக்கு. இன்னும் ஊறட்டும்.

சித்திரைக்குக் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவருகிற சிங்கள அக்காவுக்கு இரட்டைப் பங்கு. கீழ்வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள். முட்டையில்லாத ரிச் கேக் என்று ஒன்றைச் செய்து ஒப்பேற்ற எனக்கு மனமில்லை. மிஞ்சிய பூசணித் தோசியையும் வறுத்த கஜுவையும் அதே மினுங்குதாளில் சுற்றிக் கொடுத்தேன்.