நொண்டல் போய்விட்டது, கணக்குதான் நேராகவில்லை: ஏசிஎல் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நடை ஆய்வகத்தில்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து அறுவைசிகிச்சை செய்துகொண்ட எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மாதத்தில் திரும்ப விளையாடலாம் என்பதுதான். நானும் போகிற வருகிற மருத்துவர்களிடமெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மாதக் கணக்கில் சொல்லும் பதில் பாதிப் பதில்தான் என்பது, முழங்கால் இயக்கம் பற்றிய ஒரு ஆய்வில் தன்னார்வலராகச் சேர்ந்து, உடம்பெல்லாம் பொட்டு ஒட்டிக்கொண்டு கேமராக்களின் முன்னால் நடந்தும் குதித்தும் காட்டிய பிறகுதான் புரிந்தது. நான் மருத்துவன் இல்லை, நோயாளி. அந்தக் கோணத்தில் படியுங்கள்.

அடிபட்ட கதை எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பேட்மிண்டனில் பின்மூலைக்குத் தாவி ஒற்றைக் காலில் இறங்கினேன், முழங்கால் உள்பக்கம் மடங்கியது, உள்ளே ஏதோ தெறித்த மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்தில் வீங்கிவிட்டது. யாரும் என்மேல் மோதவில்லை. ஏசிஎல் காயங்களில் பெரும்பாலானவை ஆள் மோதாமல் வருபவைதானாம். மருத்துவர் முழங்காலை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தார். லாக்மன் சோதனை என்று பெயர். நல்ல காலில் சட்டென்று ஒரு பிடிமானத்தில் நின்றது, அடிபட்ட காலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அறுவைசிகிச்சை கட்டாயமா என்றால், இல்லை. 2010-இல் ஸ்வீடனில் இருந்து வெளிவந்த ஒரு ஆய்வில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவைசிகிச்சையும் பயிற்சியும், மறுபாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவைசிகிச்சை என்று வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, நோயாளிகளே தந்த மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பொறுத்துப் பார்க்கச் சொன்ன 59 பேரில் 30 பேர் ஐந்து ஆண்டுக்குள் அறுவைசிகிச்சை செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். என் முழங்கால் திரும்பும்போதெல்லாம் நழுவியது, அதனால் நான் இரண்டாம் வகை. தொடையின் பின்பக்கத்துத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது ஜவ்வாக வைத்தார்கள்.

முதல் வாரங்களில் என்னை அசரடித்தது வலி இல்லை. தொடையை இறுக்கு என்று மூளை சொல்கிறது, தொடை கேட்கவே மாட்டேன் என்கிறது. படுத்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை அழுத்தவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. நல்ல காலில் முட்டிச் சில்லு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற காலில் தோல்கூட அசையவில்லை. தசையில் ஒரு கோளாறும் இல்லை. மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் அங்கிருந்து போகும் தகவல் தண்டுவட அளவிலேயே தொடைத் தசையை அடக்கிவிடுகிறது. அடிபடாத, ஆரோக்கியமான முழங்காலில் உப்புநீரை ஊசியால் ஏற்றியே இதை நிரூபித்திருக்கிறார்கள். அதனால்தான் பிசியோ மேடம் வந்ததும் முதலில் டேப்பை எடுத்து வீக்கத்தை அளந்தார். "வீக்கம் வடியாம வெயிட் தூக்கி என்ன சார் பண்ணப் போறீங்க?" என்பார். மின்தூண்டல் வைத்துத் தசையை எழுப்பிய பிறகுதான் ஒரு வழியாகச் சில்லு அசைந்தது.

அப்புறம் ஒரு விசித்திரமான கட்டம் வரும். வலி குறைந்து, நொண்டல் போய், ஆள் தெம்பாக இருக்கும்போதுதான் உள்ளே இருக்கும் ஜவ்வு பலவீனமாக இருக்கிறது. எடுத்து வைத்த தசைநாணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதில் இருக்கும் செல்கள் செத்து, புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது மெதுவாக ஜவ்வாக உருமாறவேண்டும். அந்த இடைக்காலத்தில், ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை, வைத்த அன்றைக்கு இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. கால் தரும் தைரியத்தை அந்தச் சமயத்தில் நம்பவே கூடாது.

இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகுதான், ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பிசியோ மேடம் சொன்னார். ஒப்புதல் படிவம் பல பக்கம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை பாதிக்காது, தரவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றெல்லாம் எழுதியிருந்தது. எனக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை என்றும் வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. இந்தத் துறையில் தன்னார்வலர்கள் செய்ததைப் பார்த்தால் நான் செய்தது ஒன்றுமே இல்லை. 1990-களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் புரூஸ் பெய்னன் குழுவினர், உணர்ச்சி மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, முழித்திருக்கும் ஆட்களின் ஏசிஎல்லிலேயே ஒரு சின்ன உணர்கருவியைப் பொருத்தி, காலை நீட்டச் சொல்லியும் உட்கார்ந்து எழச் சொல்லியும் ஜவ்வு எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள். முழங்காலை 15 டிகிரியில் வைத்துத் தொடையை இறுக்கினால் ஜவ்வு 4.4 சதவீதம் நீண்டது, 90 டிகிரியில் இறுக்கினால் ஒன்றுமே இல்லை. பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லும் ஸ்குவாட்டிலும் 3.6 சதவீதம் வந்தது! இன்றைக்கும் பிசியோக்கள் ஆரம்பத்தில் இயந்திரத்தில் காலை முழுதாக நீட்ட விடாமல் 90-லிருந்து 45 டிகிரி வரை போதும் என்று நிறுத்துவதற்குப் பின்னால் இந்த மாதிரி அளவீடுகள் இருக்கின்றன.

சரி, ஆய்வகம். ஒரு நீளமான அறை, சுவர் மேல்பக்கம் சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள், தரையில் மரப்பலகை மாதிரியே தெரியும், மிதிக்கும் விசையை அளக்கும் இரண்டு ஃபோர்ஸ் பிளேட்கள். ஆய்வு மாணவி ஒருவர் இடுப்பெலும்பின் முனை, தொடை, முழங்காலின் இரு பக்கம், கணுக்கால், குதிகால் என்று விரலால் எலும்பைத் தடவித் தடவித் தேடி, ஒளியைப் பிரதிபலிக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினார். இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. "இது ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனா உங்க முழங்கால் வேற ஆளோட முழங்காலாயிடும் அண்ணா" என்றார், சிரிக்காமல். ஒட்டுவது தோலில்தான், எலும்பில் இல்லை. குதிக்கும்போது தொடைச் சதை குலுங்கினால் உருண்டையும் குலுங்கும். அந்தப் பிழையைக் குறைப்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. தசையின் மின்சாரத்தை அளக்கும் பட்டைகளுக்காகத் தொடையில் சில இடங்களில் முடியைச் சிரைத்து, தோலைத் தேய்த்தும் விட்டார்கள்.

பிறகு கையை விரித்து அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு பதிவு, அதற்கப்புறம் நடை. பிளேட்டைப் பார்க்காமல் இயல்பாக நடக்கவேண்டும் என்பார்கள். பார்த்து மிதித்தால் நடையே மாறிவிடும், அதனால் பாதம் சரியாகப் பலகைக்குள் விழும்வரை திரும்பத் திரும்ப நடக்கவைத்தார்கள். திரையில் என் எலும்புக்கூடு நடந்துவந்தது, பாதத்திலிருந்து ஒரு அம்பு மேலே கிளம்பியது. தரை என்னைத் திருப்பித் தள்ளும் விசை அது. சாதாரண நடையில் அது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் மூட்டுக்குள் விழும் சுமை அதைவிட எவ்வளவோ கூடுதல், ஏனென்றால் தசைகளும் சேர்ந்து எலும்புகளை இறுக்குகின்றன. பெர்லினில் உணர்கருவி பொதித்த செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட ஐந்து பேரிடம் நேரடியாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள்: சமதளத்தில் நடந்தால் சராசரியாக உடல் எடையின் 261 சதவீதம், படி ஏறினால் 316, படி இறங்கினால் 346. படி இறங்குவதுதான் கடைசிவரை எனக்கு இழுபறியாக இருந்தது, அது என் மனப்பிரமை இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

முடிவைக் காட்டியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. ஒற்றைக் காலில் முன்னால் எவ்வளவு தூரம் தாண்டுகிறேன் என்பதில் இரண்டு காலும் கிட்டத்தட்ட சமம். பொதுவாக நல்ல காலின் அளவில் 90 சதவீதம் வந்தால் தேர்ச்சி என்பார்கள், நான் தாராளமாகத் தாண்டியிருந்தேன். ஆனால் உட்காரவைத்து, ஒரே வேகத்தில் சுழலும் இயந்திரத்தில் தொடைத் தசையின் பலத்தை அளந்ததில் எண்பதைக்கூடத் தொடவில்லை. பலம் இல்லாமல் எப்படித் தாண்டினேன்? தாண்டும்போது முழங்கால் கம்மியாக மடங்கி, உடம்பு முன்னால் சாய்ந்து, வேலையை இடுப்பும் கணுக்காலும் பார்த்துக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் ஒருவர் வேலையைப் பக்கத்து மேசைக்காரர்கள் முடித்துக்கொடுக்க, மாதக் கடைசி அறிக்கை மட்டும் சுத்தமாக இருப்பது மாதிரி. முன்னால் தாண்டுவதில் உந்தும் வேலையில் முழங்காலின் பங்கே ரொம்பக் குறைவாம். நேர் மேலே எம்பினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எம்பவைத்தார்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடிபட்ட காலை நல்ல காலோடு ஒப்பிட்டுத்தானே சதவீதம் போடுகிறோம், அந்த நல்ல காலும் மாதக்கணக்கில் ஓட்டம் இல்லாமல் இளைத்துப்போயிருந்தால்? சதவீதம் நன்றாகவே வரும், இரண்டு காலும் சேர்ந்து தோற்றிருக்கும். காயத்துக்குப் பின், அறுவைசிகிச்சைக்கு முன்பே, நல்ல காலின் பலத்தை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது அடிபடுகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி முழுக்க மாறியது. இரண்டு காலையும் சேர்த்துச் செய்யும் ஸ்குவாட்டைக் குறைத்து (அதில்தான் நல்ல கால் நைசாகச் சுமையை வாங்கிக்கொள்கிறது), ஒற்றைக் காலில், இயந்திரத்தில் தொடையைத் தனிமைப்படுத்தி, கனமான எடையை மெதுவாக இறக்கும் பயிற்சியைக் கூட்டினார் மேடம். சுவாரஸ்யமே இல்லாத வேலை. இடையில் பந்தயத்துக்குக் கூப்பிட்ட நண்பர்களுக்கு நான் சொன்ன காரணம் ஒன்று: அமெரிக்காவின் டெலாவேர், நார்வேயின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, விளையாடத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது. தொடைத் தசையின் பலம் நல்ல காலுக்குச் சமமாக வந்தவர்களுக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. மாதமும் வேண்டும், பலமும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

மறுபடி ஆய்வகத்துக்குப் போனபோது பலம் தொண்ணூறைத் தாண்டியிருந்தது, எம்பிக் குதிப்பது இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. அன்றைக்கு மனத் துணிவை அளக்கும் 12 கேள்விப் படிவமும் கொடுத்தார்கள். மற்ற கேள்விகளையெல்லாம் வேகமாக முடித்துவிட்டு, திரும்ப அடிபடுமோ என்ற பயம் பற்றிய கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே மாதிரி ஆய்வில் சேரப்போகிறவர்களுக்குச் சில விஷயம். இறுக்கமான குட்டை அரைக்கால்சட்டை எடுத்துப்போங்கள், தொளதொள என்று இருந்தால் உருண்டைகளை மறைத்துவிடும். எப்போதும் போடும் ஷூவையே போடுங்கள். முந்தின நாள் கடுமையான பயிற்சி வேண்டாம். தொடைப் பலம், எம்பும் உயரம் இரண்டின் முடிவையும் உங்களுக்குத் தருவார்களா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள், எல்லா ஆய்விலும் தரமாட்டார்கள். தந்தால் பிசியோவிடம் காட்டுங்கள். எனக்கு இப்போதைக்கு ஆளில்லாத கோர்ட்டில் இறகுப்பந்து இல்லாமல் அசைவுகளை மட்டும் செய்யும் நிழலாட்டம் ஆட மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது, பின்மூலைத் தாவல் கிடையாது.