ஒற்றைத் தந்தியில் மாயாமாளவகௌளை

எமது கல்லூரியின் சங்கீத அறையில் நாம் முதன்முதலாகப் பாடிய சரளி வரிசை எனும் ஆரம்ப சுரப்பயிற்சி, கர்நாடக இசை பயிலும் எல்லோருக்கும் போலவே, மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. புரந்தரதாசர் வகுத்ததென மரபு போற்றும் அப்பாடத்தைத் தொடையில் தாளம் போட்டுப் பயின்ற எமக்கு, அதே சுரங்கள் வேறு நாடுகளில் வேறு பெயர்களோடு வழங்குகின்றன என்பதை உணர்த்தியவர், விடுதியில் கிற்றார் வாசித்த உயர்தர வகுப்பு அண்ணா ஒருவர். அமெரிக்கக் கலைஞர் டிக் டேல் 1962இல் மின்கிற்றாரில் புகழ்பெறச் செய்த ‘மிஸிர்லூ’ இசையை அவர் ஒருநாள் மாலை வாசித்தபோது, “அண்ணா, இது எங்கட சரளி வரிசையெல்லோ?” என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். அண்ணா உடனே தடித்த தந்தியை விரல் அழுத்தாமல் மீட்டி, அதையே ஆதார சுரமான சட்ஜமாகக் கொண்டு, 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய மெட்டுகளில் (கிற்றாரின் கழுத்திலுள்ள குறுக்குக் கம்பிகளில்) விரலை நகர்த்திக் காட்டினார். சரிகமபதநிச பிசிறின்றி ஒலித்தது.

கிற்றார் நூல்கள் ‘எக்ஸோட்டிக்’ என்ற தலைப்பின் கீழ் ‘டபிள் ஹார்மோனிக்’ என்றும் ‘பைசண்டைன்’ என்றும் குறிப்பிடுவது இந்த வரிசையைத்தான். பெயர்கள் இப்படிப் பெருகினாலும் இடைவெளிகள் மாறுவதில்லை. ஒரு மெட்டு ஓர் அரைச்சுரம் என்பதால், சட்ஜத்தை உறுதிசெய்துகொண்டு அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே உள்ள மெட்டுகளை எண்ணினால் 1-3-1-2-1-3-1 என்று வரும். பின்னிருந்து வாசித்தாலும் அதுவே. இதன் நான்காம் சுரமான மத்தியமத்தைச் சட்ஜமாக்கி எண்ணினால் 2-1-3-1-1-3-1 கிடைக்கும். மேற்கத்தியர் ‘ஹங்கேரியன் மைனர்’ என்று அழைப்பதும், நாம் சிம்மேந்திரமத்தியமம் எனும் இராகமாக அறிவதும் இதுவே. கீரவாணி இராகத்தின் ஐந்தாம் சுரமான பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் வகுளாபரணம் எனும் இராகம் பிறக்கும். ஸ்பானிய பிளமெங்கோவிலும் யூதரின் கிளெஸ்மர் இசையிலும் அடிக்கடி கேட்கும் ‘பிரிஜியன் டொமினன்ட்’ அது. இப்படி ஆதார சுரத்தை மாற்றி வேறு இராகம் பெறுவதைக் கிரகபேதம் என்று எமது சங்கீத ஆசிரியை கரும்பலகையில் எழுதி விளக்கியது, அன்று தந்தியின் மேல் கண்ணுக்குத் தெரிந்தது.

பெயரிடும் முறையில், ஏழு சுரத் தாய் இராகங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் 72 மேளகர்த்தாத் திட்டமே எனக்கு நிறைவளிக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறைப்படி ‘மா’ 5, ‘ய’ 1. அவற்றைத் திருப்பினால் மாயாமாளவகௌளை 15ஆவது மேளம். பெயருக்குள்ளேயே இலக்கமும், இலக்கத்துக்குள்ளே சுரங்களும் அடங்கியிருப்பதால், ஊர்ப்பெயர்களை மனனம் செய்யும் சுமை இல்லை.

ஆயினும், தோடி இராகமும் மேற்கத்திய ‘பிரிஜியன்’ ஸ்கேலும் ஒன்றே என்று கூறும் பட்டியல்களை நான் ஏற்பதில்லை. சுரத்தானங்கள் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கமகம் எனும் சுர அசைவோடு ஒலிக்கும் தோடியின் மூன்றாம் சுரமான காந்தாரம் எந்த மெட்டிலும் நிலைத்து நிற்பதில்லை. அதை எழுப்ப அண்ணா தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத் தளர்த்துவார்.

லண்டனில் எம்மவர் பிள்ளைகள் பலர் கிற்றாரையும் வாய்ப்பாட்டையும் வெவ்வேறு வகுப்புகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலப் பயில்கிறார்கள். இரண்டு கொப்பிகளிலும் இந்த இடைவெளி எண்களை எழுதிவைக்கச் சொல்லுமாறு பெற்றோரான பழைய மாணவர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.