ருட்பெக்கியா விதையில் தொடங்கிய வம்சாவளிப் படம்

மொட்டை மாடித் தொட்டிக்கு ருட்பெக்கியா விதை வாங்கியதில் ஆரம்பித்தது. மஞ்சள் இதழ், நடுவில் கரும்பழுப்புக் கூம்பு. சூரியகாந்திக்குத் தம்பி மாதிரி இருக்கும். வட அமெரிக்கச் செடிக்கு ஏன் இந்தப் பெயர் என்று தேடினேன். ஸ்வீடனில் தன்னை ஆதரித்த பேராசிரியர் இளைய ஓலோஃப் ருட்பெக்கையும், அவருடைய அப்பா மூத்த ஓலோஃபையும் நினைத்து, செடிகளுக்கு முறையாகப் பெயர் வைத்த அறிவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயராம். அந்த மூத்த ஓலோஃபுக்கு அப்பா, பிஷப் யோஹன்னெஸ் ருட்பெக்கியுஸ் (1581–1646).

வம்சாவளிப் படம் போடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சொந்தக் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் யாருக்கும் பெயர் தெரியவில்லை. சரி, இந்த பிஷப் குடும்பத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் ஆளைத் தெரிந்துகொள்வதிலேயே போனது. எரெப்ரூ நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் விட்டென்பெர்க்கில் படித்துவிட்டு வந்து, உப்சாலாவில் கணிதம், எபிரேயம், இறையியல் என்று வரிசையாகப் பேராசிரியர் பதவி. அங்கே மெஸ்ஸேனியுஸ் என்ற இன்னொரு பேராசிரியரோடு மூண்ட சண்டை, மாணவர்களும் கட்சி பிரியும் அளவுக்குப் போனது. 1613-இல் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் இருவரையுமே பல்கலைக்கழகத்திலிருந்து கிளப்பி, இவரை அரசவைப் போதகராக்கிவிட்டார். தண்டனையா, பதவி உயர்வா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1619-இல் வெஸ்தெரோஸ் பிஷப். 1623-இல் அங்கே ஸ்வீடனின் முதல் ஜிம்னாசியம் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைப் பள்ளி. 1632-இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி. கறாரான ஆள்; ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்தால் கை தாராளம்.

இரண்டாம் வாரம்தான் தலைவலி. படம் போடும் மென்பொருள் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டத்தை நீட்டுகிறது. அந்தக் காலத்தில் படித்தவர் பெயரில் நடுவில் நிற்பது அப்பா பெயர், நம் இனிஷியலை விரித்து எழுதியது போல. 'யோஹன்னிஸ்' என்றால் யோஹன்னெஸின் மகன், 'ஒலாவி' என்றால் ஓலோஃபின் மகன். கடைசியில் வருவதைப் பல சமயம் ஊர்ப் பெயரை லத்தீனாக்கிச் செய்துகொண்டார்கள். இது புரியாமல் ஒலாவியைக் குடும்பப் பெயராகப் போட்டு அரை நாள் வீண்.

அடுத்தது பிஷப்பின் இரண்டாம் மனைவி. ஓரிடத்தில் மாலின் ஹிசிங், இன்னோரிடத்தில் மக்தலேனா ஹிசிங். 'மாலின்' என்பது மக்தலேனாவின் சுருக்கம் என்று தெரியாமல் பிஷப்புக்கு மூன்றாம் கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன். மூத்த ஓலோஃப் (1630–1702) இந்த அம்மாவின் பிள்ளை. நிணநீர் நாளங்களைக் கண்டு, 1652-இல் அரசி கிறிஸ்டினா முன்னால் அறுத்துக் காட்டியவர். அப்போது வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பெரிய கூத்து வென்டெலாவில். ஓலோஃபின் மனைவி வென்டெலா லோர்மான், மகளும் வென்டெலா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மென்பொருள் சொன்னதை நம்பி 'இணை' பொத்தானை அமுக்கினேன். உடனே சிவப்பில் எச்சரிக்கை: 1655-இல் திருமணமான பெண் 1668-இல் பிறந்திருக்கிறார், தனக்குத் தானே தாய். பிரித்தெடுக்க ஒரு மாலை ஆனது. நல்லவேளை, முந்தைய நாள் நகல் எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாம் வாரம், தேவாலயப் பதிவேடு ஒன்றின் படத்தைத் திறந்தேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லித் தன் மறைமாவட்டக் குருமார்களை விரட்டியவர் இதே ருட்பெக்கியுஸ். நாடு முழுக்க அது சட்டமானது 1686-இல்தான். இவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து. அவருடைய கண்டிப்பு இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையே இல்லை. கையெழுத்துதான் கொடுமை: e எழுத்தும் n எழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு மணி நேரத்தில் நாலு வரி. ஸ்வீடிஷில் 'பார்ன்' என்றால் குழந்தை, அதை மட்டும் தூக்கத்திலும் அடையாளம் காண்பேன் இப்போது. நான் படித்த நாலு வரியிலும் குழந்தைக்கு அப்பா உண்டு, ஊர் உண்டு. அம்மா பெயர் ஒன்றில்கூட இல்லை.

தேதிகளுக்குப் பக்கத்தில் 'பழைய நாட்காட்டி' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். ஸ்வீடன் 1753-இல்தான் இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு முழுதாக மாறியது.

இப்போதைய நிலவரம்: மகள் வென்டெலா 1696-இல் மணந்தது பேத்ருஸ் ஒலாவி நோபெலியுஸ் என்பவரை. நெப்பெலவ் என்ற ஊர்ப் பெயரில் பிறந்த 'நோபெலியுஸ்'. பேரன் காலத்தில் வால் அறுந்து 'நோபெல்' ஆனது. பிஷப்பை ஒன்று என்று வைத்தால் ஏழாவது ஆள், நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபெல். இது வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், "செடி முளைச்சுதா?" என்றுதான் கேட்டார்கள்.

பன்னிரண்டு விதையில் மூன்று முளைத்திருக்கிறது. ஆல்ஃபிரட் கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால் அவருக்குக் கீழே கோடு கிடையாது. அடுத்த வாரம் பிஷப்பின் மற்ற பிள்ளைகள். அதில் இரண்டு பேர் பிஷப்.