இதர செலவு

ஆகஸ்ட் 12, 2023, சனி

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்ததை நம்பி ஒன்றரை ஏக்கரிலும் குறுவை விதைத்தோம். முறை வைத்துத் தண்ணீர் விட்டும் திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையான எங்கள் வாய்க்காலுக்கு அது எட்டவில்லை. கதிர் வரும் பருவத்தில் வயல் வெடித்துக் கிடக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 75,000 ரூபாய்க்கு அடகு வைத்த மனைவியின் மூன்று பவுன் சங்கிலிக்கு இம்மாதம் ஓராண்டுத் தவணை முடிகிறது. 2021-இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது எங்களுக்குக் கடனே இல்லை. கடன் வாங்கவும் நேரம் காலம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வட்டி 6,750 ரூபாயைக் கட்டி மறு அடமானம் வைப்பதுதான் வழி.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கிராம சபை. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் என்பதால் நூறு பேர் வந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நான்கு பேர். மீதிக் கையெழுத்துகளுக்காகப் பதிவேடு தெருவுக்குள் சென்றது. வரவு செலவு அறிக்கையை மொத்தத் தொகையோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். நான் எழுந்து, ஒவ்வொரு இனமாக வாசிக்க வேண்டும் என்றேன். குடிநீர் மோட்டார் பழுதுக்கும் தெருவிளக்குக்கும் ஆன செலவைப் படித்த பிறகு 'இதர செலவு' என்று ஒரு தொகை வந்தது. அது என்ன என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்வதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, புதன்

நேற்றிரவு எழுத மனம் வரவில்லை. எங்கள் நோட்டிலும் ஓர் 'இதர செலவு' இருக்கிறது: ஓராண்டில் 6,300 ரூபாய்.

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் போட்டு நடத்தும் சாவுச் சங்கத்துக்கு நான் பொருளாளர். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் அன்று மாலைக்குள் பத்தாயிரம் ரூபாய் கொடுப்போம். மூன்று மாதம் பாக்கி வைத்த வீட்டுக்குப் பணம் கிடையாது என்பது விதி. பாடை கட்டும் நேரத்தில் அந்த விதியை என் வாயால் சொல்ல நேருமே என்று அஞ்சி, ஏழு வீடுகளின் பாக்கியை என் கைக்காசில் கட்டி, அவர்கள் பெயரிலேயே வரவு வைத்து வந்தேன். மனைவி கோபப்படவில்லை. தன்னிடம் மறைத்ததை விட, தாங்கள் பாக்கிக்காரர்கள் என்பதையே அந்த ஏழு வீட்டாரிடமிருந்து மறைத்தது பெரிய தவறு என்றாள். சங்கிலியின் வட்டியும் ஏறக்குறைய அதே தொகை என்பதை அவள் சொல்லவில்லை. நோட்டில் இரண்டையும் பென்சிலால் கோடிட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பிள்ளையார் கோயில் திண்ணையில் சங்கக் கூட்டம். நான் செய்ததைச் சொல்லி, பெயர்களைச் சொல்லாமல் பாக்கியை மட்டும் வாசித்தேன். சிலர் தாமாகவே எழுந்து தங்கள் பாக்கி என்றார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். விதியை மாற்றினோம்: எவ்வளவு பாக்கி இருந்தாலும் பணம் உண்டு, பாக்கியைக் கழித்துக்கொண்டு.

செப்டம்பர் 15, வெள்ளி

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மனைவியின் கணக்கில் வரவாயிற்று. அதில் ஒரு காசும் சங்கத்துக்குப் போகக் கூடாது என்றாள். நகைக்கடன் அசலில் கட்டப் போகிறாளாம்.

அக்டோபர் 1, ஞாயிறு

கோபித்துக்கொண்டு போனவரின் தாயார் காலையில் காலமானார். ஆறு மாதப் பாக்கி அறுநூறு ரூபாயைக் கழித்து 9,400 ரூபாயை மாலை நான்கு மணிக்குக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், கழித்த தொகையைத் தனி வரியில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்த பிறகே கையொப்பமிட்டார். நாளை கிராம சபை. ஊராட்சியின் 'இதர செலவு' குறித்த தீர்மானத்தை நினைவூட்ட வேண்டும்.