ஒரு பிளாஷ், 126 பிள்ளைகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஊர் அறநெறிப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. வழக்கமாக வரும் ஸ்ரூடியோக்காரருக்கு அன்று ஒரு கலியாண வீடு. "தம்பி, மேடைக்கு வாற பிள்ளை ஒண்டையும் விட்டிடாதேங்கோ. தாய் தகப்பன் அந்த ஒரு படத்துக்காகத்தான் வருகினம்" என்றார் பொறுப்பாசிரியை. பட்டியலில் 126 பெயர்கள். ஒரு பிள்ளை மேடையில் நிற்பது நாலைந்து விநாடி. தவறவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது.

என்னிடம் இருந்தவை பழைய கனன் 1200டி கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு யொங்னுவோ 560 பிளாஷ். இந்தப் பிளாஷ் தானாக அளவு பார்க்காது. முழுப் பலத்திலிருந்து 1/128 வரை நாம்தான் வைக்க வேண்டும். முதலில் எனக்கு இது குறையாகப் பட்டது. யோசித்துப் பார்த்தபோது, இந்த வேலைக்கு அதுதான் வசதி என்று தோன்றியது. தானாக அளவு பார்க்கும் பிளாஷ் வெள்ளை வேட்டி சட்டையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைக்கும், கடும் நீலப் பாவாடையைக் கண்டால் கூட்டும். கையால் வைத்த அளவு, தூரம் மாறாத வரைக்கும் மாறாது. பரிசு கொடுப்பவர் ஒரே இடத்தில் நிற்பார். நானும் ஒரே இடத்தில் நின்றால் 126 படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். சரி, அந்தத் தூரத்தையும் அந்த அளவையும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அவனுக்கு வேட்டி கட்டி, திருநீறும் பூசித்தான் கூட்டிப் போனேன். அது ஏன் என்று அங்கேதான் அவனுக்கு விளங்கியது. பிளாஷை நேராக முகத்துக்கு அடித்த முதல் படத்தில் நெற்றி முழுவதும் ஒரே வெள்ளை. மூன்று குறியும் தெரியவில்லை. பின்னால் கட்டியிருந்த பதாகையில் ஒரு பெரிய வெளிச்சப் பொட்டும், பிள்ளையின் கரிய நிழலும். மண்டபம் இருட்டுக் கிணறு மாதிரி. "மாமா, இது பேய்ப் படம் மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான்.

நிமிர்ந்து பார்த்தேன். சனம் இருக்கும் பக்கம் உயரமான சீற் கூரை. அங்கே வெளிச்சத்தை அடித்தால் திரும்பி வராது. பக்கச் சுவர் இளம்பச்சை. அதில் பட்டுத் தெறித்தால் பிள்ளைகளின் முகமும் பச்சையாகிவிடும். ஆனால் மேடைக்கு மேலே மட்டும் தாழ்வான கொங்கிறீற்றுத் தட்டு, வெள்ளை பூசியது. மேடைக்குள் நின்று பிளாஷின் தலையை மேலே திருப்பினால், அந்தத் தட்டு முழுவதும் பெரிய விளக்காக வேலை செய்யும். தலையை நேர் உச்சிக்குத் திருப்பினால் கண்குழியில் நிழல் விழுந்தது. கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து, பிளாஷின் பின்னால் ஒரு வெள்ளை மட்டையை இறப்பர் பாண்டால் கட்டினேன். மட்டையில் பட்ட சிறு வெளிச்சம் கண்ணுக்குள் ஒரு புள்ளியாக விழுந்து முகத்துக்கு உயிர் தந்தது. திருநீறும் மூன்று குறியாகத் தெரிந்தது.

அளவுகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 800, எஃப் (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறிது) 5.6, சட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/100 விநாடி, பிளாஷ் 1/4 பலம். எஃப் 5.6 எடுத்ததற்குக் காரணம், இந்த லென்ஸில் சூம் செய்யச் செய்ய அகலத் திறக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். 5.6 என்றால் எந்தச் சூமிலும் மாறாது. பிளாஷ் அடிக்கும்போது சட்டரை 1/200க்கு மேலே கொண்டுபோனால் இந்தக் கமராவில் படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/100 வைத்தது வேறு விஷயத்துக்காக. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பழைய ரியூப் லைற் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். சட்டர் ஒரு முழுத் துடிப்பு நேரம் திறந்திருந்தால் மேடையின் நிறம் படத்துக்குப் படம் மாறாது. ஐஎஸ்ஓவை 100இலிருந்து 800க்கு ஏற்றியதால் பிளாஷுக்கும் பாரம் எட்டில் ஒன்றாகக் குறைந்தது, மண்டபத்தின் சொந்த வெளிச்சமும் கொஞ்சம் படத்துக்குள் வந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

நான் நிற்கும் இடத்தையும் பரிசு கொடுக்கும் இடத்தையும் ரேப் ஒட்டிக் குறித்தேன். இடையில் மூன்று மீற்றர். பரிசு கொடுக்கும் இடத்தைப் பதாகையிலிருந்து இரண்டு மீற்றர் முன்னால் தள்ளி வைத்தேன். நிழல் பின்னால் கீழே விழுந்து மறைந்துவிடும்.

அன்று நான் செய்த மிகப் பெரிய காரியம் கமராவைச் சேர்ந்ததல்ல. பெயர் வாசிக்கும் ஆசிரியரிடம் போய், "சேர், பிளாஷ் அடிச்ச பிறகு மற்றப் பேரை வாசியுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். அவர் உடனே சம்மதித்தார். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எந்தக் கமராவாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்க முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பற்றரி பன்னிரண்டு, நாலு நாலாக மூன்று கட்டு. எல்லாம் சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் வகை. ஒரு கட்டுக்குள் பழையதையும் புதியதையும் கலக்கக்கூடாது. நலிந்தது ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துவிடும்.

விழாவன்று மங்கள விளக்கேற்றலுக்கு மட்டும் அளவை மாற்றினேன். பிளாஷ் பலமாக இருந்தால் குத்துவிளக்கின் சுடர் செத்துப்போகும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, சட்டர் 1/50, பிளாஷ் 1/32. சுடரின் மஞ்சள் பிரதம விருந்தினரின் கையில் விழுந்தது வடிவாக வந்தது. பிறகு குறித்த இடத்துக்குப் போய்ப் பழைய அளவுக்குத் திரும்பினேன். சின்னப் பிள்ளைகள் வரும்போது முழங்காலில் இருந்தேன், பெரிய வகுப்புகளுக்கு எழுந்து நின்றேன். கண் மூடுவார்கள் என்று ஆளுக்கு இரண்டு படம். ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் பெயர்ப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்தேன். வராத பிள்ளைகளை அதில் வெட்டியிருந்ததால், எந்தப் படம் யாருடையது என்று பிறகு தேட வேண்டியிருக்கவில்லை.

பரிசு முடிந்து நடனம் தொடங்கியதும் பிளாஷை நிறுத்திவிட்டேன். ஆடுகிற பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு ஐஎஸ்ஓவை ஏற்றி, படம் கொஞ்சம் சொரசொரப்பாக வந்தாலும் பரவாயில்லை என்று எடுத்தேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்த குழுப்படம். முன்வரிசை பிளாஷுக்குக் கிட்ட, பின்வரிசை தூர. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காலாகிவிடும். ஒரு வாங்கில் ஏறி நின்று மேலேயிருந்து எடுத்தபோது வரிசைகளுக்கு இடையிலான தூர வித்தியாசம் குறைந்து, பின்னால் நின்றவர்களின் முகமும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஆறு படங்களில் பிளாஷ் அடித்திருக்கவில்லை. முதல் கட்டுப் பற்றரி இறங்கத் தொடங்கிய நேரம் அது. அதில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு படமுமே இருட்டு. ஆனால் ஐஎஸ்ஓ 800இல் மண்டப வெளிச்சம் உள்ளே வந்திருந்தது, படங்களும் றோவில் (கமரா பதிந்த விவரம் முழுவதையும் வைத்திருக்கும் கோப்பு) இருந்தன. கணினியில் வெளிச்சத்தை இரண்டு படி, அதாவது நாலு மடங்கு, ஏற்றினேன். முகம் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த முறை நூறு படத்துக்கு ஒருமுறை, பற்றரி இறங்கும்வரை காத்திராமல் மாற்றிவிடுவேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு மட்டும் இரண்டு படத்திலும் கண் மூடியிருந்தது. அதற்குக் கணினியில் ஒன்றும் செய்ய முடியாது. தாயாருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை அதே பாவாடை சட்டையோடு, திருநீறும் பூசி, கேடயத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் தயாராக நின்றது. யன்னல் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னேன். பிளாஷைப் பையிலிருந்து எடுக்கத் தேவைப்படவில்லை.