நாரையைத் தூது விட்டவர்களின் ஆறு

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பொதிகையில் பிறக்கும் இந்த ஆறு, புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை. தண்ணீர் திறந்துவிடச் சொல்லிப் பக்கத்து மாநிலத்திடம் போய் நிற்க வேண்டாம். ஆனால் அதே காரணத்தால், ஆறு கெட்டுப்போனால் குற்றம் சொல்ல வெளியே யாரும் கிடையாது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். சின்ன வயதில் காலையில் அம்மாவோடு படித்துறை, சாயங்காலம் கிளை நூலகம் என்று ஓடிய பொழுதுகள். ஆறு வேறு, புத்தகம் வேறு என்றுதான் வெகுகாலம் இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. 2011-ல் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கியது. சில வருஷம் கழித்து நானும் அதில் போய்ச் சேர்ந்தேன். கைக்குப் பைனாகுலர் வந்த பிறகுதான், வகுப்பில் நான் நடத்திவந்த பாட்டுகளில் பல, யாரோ ஒருவர் தண்ணீரோரம் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு எழுதியவை என்பது உறைத்தது. அந்தப் பறவையும் மீனும் போய்விட்டால் பாட்டு உரைநூலின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும். கணக்கெடுப்புக்குப் போவதும் அதனால்தான்.

இந்தத் தையில் கணக்கெடுப்புக்கு முன்னால் கொஞ்சம் விடுப்பு கிடைத்தது. மலையிலிருந்து கடல் வரை ஆற்றோடு போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். என்னிடம் படித்து, இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிற ஒரு பெண்ணும் கூட வந்தாள். பஸ், ஷேர் ஆட்டோ, மற்றபடி நடை.

முண்டந்துறைக்குள் சோதனைச்சாவடி தாண்டி காரையாறு போகும் சாலையில் காலை வெயில் இன்னும் இறங்கவில்லை. களக்காடு முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆனால் இந்தக் காட்டை நான் புலிக்காக நினைப்பதைவிட ஓடைகளுக்காக நினைப்பதுதான் அதிகம். காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு எல்லாம் இந்த மலைகள் குடித்துவைத்து, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற தண்ணீர். மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஆற்றில் ஓட்டம் இருப்பதற்கு மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும்தான் காரணம்.

சொரிமுத்து அய்யனார் கோவில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் ஊரே குடியேறியதுபோல் கூட்டம் வரும். அந்த நாட்களில் தன்னார்வலர்கள் பைகளைப் பார்த்து, பாலிதீனை வாங்கி வைத்துக்கொண்டு துணிப்பை கொடுப்பார்கள். நானும் அந்த வேலைக்குப் போயிருக்கிறேன். திட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். "நம்ம அய்யனார் காடுல்லா, குடுத்துட்டுப் போவோம்" என்று மூட்டையை அவிழ்க்கிறவர்களே அதிகம்.

அன்றைக்கு கோவில் அமைதியாக இருந்தது. கீழே பாறைகளுக்கு நடுவில் ஏதோ நெளிய, "டீச்சர், அசையாதீங்க" என்று என் மாணவி கையைப் பிடித்தாள். நீர்நாய்கள். ஒன்று மீனோடு பாறையில் ஏறிக் கடித்துத் தின்றது. நனைந்த மயிர் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு முதுகெல்லாம் கோடு போட்டதுபோல் இருந்தது. குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்று, "அரிற்பவர்ப் பிரம்பின் வரிப்புற நீர்நாய், வாளை நாளிரை பெறூஉம்" என்று போகும். நீர்நாய்க்கு ஏது வரி என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீரிலிருந்து ஏறிய அந்த நிமிஷத்தில் பார்த்தவர்தான் அப்படி எழுதியிருக்க முடியும் என்று இனிமேல் தயங்காமல் சொல்வேன்.

பாபநாசத்தில் ஆறு சமவெளியைத் தொடுகிறது. கோவிலுக்கு முன்னால் பெரிய பெரிய மீன்கள் பொரிக்காகக் கூட்டமாக மேலே வரும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. அதே துறையில் பரிகாரம் முடித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மூழ்கி, பாறை இடுக்கில் சிக்கி, மக்காமல் கிடக்கிறது. அவ்வப்போது இளைஞர்கள் இறங்கி லாரி லாரியாக வாரி வெளியே போடுகிறார்கள், அப்புறமும் சேர்கிறது. மீனுக்குப் பொரி போடும் கையும் துணியை விடும் கையும் ஒன்றுதான் என்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆறவே ஆறாது.

திருப்புடைமருதூரில்தான் அதிக நேரம் தங்கினோம். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். நாறும்பூநாதர் கோவில், சுற்றிலும் வானத்தை மறைக்கும் மருத மரங்கள். சன்னதியில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம், கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று "நாறும்பூநாதா" என்று கூப்பிட்டார், அதைக் கேட்கத் தலையைச் சாய்த்தார் சாமி என்று கதை. கோபுரத்து மாடங்களுக்குள் நாயக்கர் கால ஓவியங்களும் மரச் சிற்பங்களும் உண்டு. கப்பலில் வந்து இறங்கும் குதிரைகள், போர்க்களம், தெய்வங்கள் என்று சுவர் முழுக்க நிறைந்திருக்கும்.

இந்தக் கோவிலைச் சுற்றிய 2.84 ஹெக்டேர்தான் 2005-ல் பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. கேட்டது ஊர்மக்கள். வயலுக்கு உரம் வேண்டும், பறவை இருந்தால் எச்சம் விழும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம், இருக்கட்டுமே. மரத்தடியில் நாற்றம் குடலைப் புரட்டும். சட்டையில் எச்சம் படும். அந்த வீடுகளில் இருப்பவர்கள் இதைப் பல தலைமுறையாகச் சகித்துக்கொண்டு, மரத்தில் கல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பறவைகள் வந்து கூடு கட்டும் கூந்தன்குளத்திலும் இப்படித்தான், தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். வேலியையும் காவலரையும் நம்பியிராமல் ஒரு ஊர் தானாகக் காப்பாற்றுகிற இடம் என்றால் எனக்கு இந்த இரண்டும்தான் உடனே ஞாபகம் வரும்.

மருத மரத்து உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் பறவை சுள்ளி கொண்டுவந்து தரும், பெட்டை அதை வாங்கி இங்கே செருகி, பிடிக்காமல் உருவி, வேறு இடத்தில் செருகும். அப்புறம் இரண்டும் அலகைத் தட்டிக்கொள்ளும். கீழே கல்திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "என்ன பாக்கிய? புருசனும் பொஞ்சாதியும் வீடு கட்டுதுவ, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு உடனே இரண்டு பாட்டு வந்தது. மதுரையில் குளிரில் கிடந்த சத்திமுத்தப் புலவர் "நாராய் நாராய் செங்கால் நாராய்" என்று கூப்பிட்டு, "நீயும் நின் மனைவியும்" குமரியில் ஆடிவிட்டு வடக்கே போனால் என் ஊரில் இறங்கி என் மனைவியிடம் சொல்லுங்கள் என்கிறார். இன்னொன்று இதே ஆற்றின் கீழ்க்கரையில் பிறந்த நம்மாழ்வாருடையது. "அஞ்சிறைய மடநாராய்! அளியத்தாய்! நீயும்நின் அஞ்சிறைய சேவலுமாய்" என்று தொடங்கும். இரண்டு பேருமே தனிப் பறவையைக் கூப்பிடவில்லை, ஜோடியைக் கூப்பிடுகிறார்கள். துணையைப் பிரிந்தவரின் கண்ணில் முதலில் படுவது துணையோடு இருக்கும் பறவைதானே. பாட்டியும் அதையேதான் பார்த்தார்.

திருநெல்வேலியைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஆறு அகலமாக, அழகாகத்தான் தெரிகிறது. கீழே இறங்கினால் சாக்கடை கலக்கும் இடங்கள் தெரியும். ஆறு மாசுபடுவதைப் பற்றிய வழக்கில் 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். கொக்கிரகுளத்தில் ஒரு நிமிஷம் நின்றோம். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. மாஞ்சோலை இருப்பது மணிமுத்தாற்றின் மேல்மலையில். இந்த ஆற்றின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த 17 பேரை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. முக்கூடற் பள்ளு பிறந்த முக்கூடல் இதுதான். வயலில் இறங்கி உழுதவர்களின் பேச்சும் சண்டையும் பாட்டும்தான் அந்த நூல் முழுக்க. சித்திரக்காலி, சிறைமீட்டான், மணல்வாரி, பூம்பாளை, சீரகச்சம்பா என்று நெல் பெயர்களை அடுக்கும்போது வாயே மணக்கும். மழை வரப்போகிறது என்பதை அது சொல்லும் விதத்தைக் கரையில் நின்று சத்தமாகவே படித்தேன்.

ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி - மலை
யாள மின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே

மேற்கே மலையாளத்துப் பக்கம் மின்னுகிறது, கிழக்கே ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது. கேணியில் சொறித்தவளை கூப்பிடுகிறது. நண்டு சேற்றை எடுத்து வளையை அடைக்கிறது. வானம்பாடிகள் மழை தேடி ஆடுகின்றன. இரண்டு பருவமழையும் தொடும் நிலத்தில் வாழ்கிறவருக்குத்தான் இரண்டு திசை மின்னலும் கணக்கில் வரும்.

"வளையை நண்டு அடைக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு வயல் வரப்பில். இப்போது அந்த வரப்பில் நண்டு வளையையே காணோம். பூச்சிமருந்து அடிக்க அடிக்க நண்டு போயிற்று, தவளையும் குறைந்தது. பள்ளில் வரும் நெல்லில் எத்தனை இன்று யார் வயலிலாவது இருக்கும் என்று அவள் செல்போனில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே வந்தாள்.

கீழே போகப் போக ஆற்றைவிடக் குளங்கள்தான் ஆட்சி. எட்டு அணைக்கட்டுகள் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்ப, கால்வாய் குளத்துக்குக் கொடுக்க, ஒரு குளம் நிறைந்து அடுத்ததுக்கு வழிகிறது. கட்டியது நெல்லுக்காக. சைபீரியாப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அதில் பங்கு எடுத்துக்கொண்டன. கடம்பாகுளத்துக் கரையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போயின.

ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளை அப்படியே வைத்து மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். 2004-ல் தொடங்கிய அகழாய்வில் இங்கே ஒரு பானைத் துண்டு கிடைத்தது. அதில் மண்ணாலேயே ஒட்டிச் செய்த ஒரு பெண், பக்கத்தில் ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. ஆழ்வாருக்கும் புலவருக்கும் வெகு முன்னாலேயே, எழுத்தே வேண்டாமென்று ஒருவர் இந்தக் கரையில் தன் கூடவே வாழ்ந்தவற்றை மண்ணில் எழுதி வைத்திருக்கிறார். முதலை இன்று இந்தப் பக்கம் இல்லை. கொக்கு இருக்கிறது.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி மரத்தைச் சுற்றிவிட்டு ஸ்ரீவைகுண்டம் வந்தோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ரயில் நிலையத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு வண்டி நின்றுபோன ஊர். காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. டீக்கடைக்காரர் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டினார், என் தலைக்கு மேலே இருந்தது. "ஆத்து மேல கோவம் இல்ல டீச்சர். குளமெல்லாம் தூர்ந்து கெடந்தா அது எங்கதான் போவும்?" என்றார். நான் படித்த எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குள் போகிறது. இந்த மீனவ ஊரில்தான் போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் படித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க நூல்களில் ஒன்று, அவர் கொடுத்தது. 1586-ல் வந்த அடியார் வரலாறு இங்கேயே அச்சானது என்பார்கள். மலையில் அகத்தியர், கழிமுகத்தில் அச்சு எழுத்து. நடுவில் எல்லாப் பாட்டும்.

வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவரிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டேன். கூழைக்கடா எங்கே இறங்கும், எந்த மாதம் எந்த உள்ளான் வரும், அலையாத்தி வேருக்குள் என்ன மீன் குஞ்சு பொரிக்கும் என்று அரைமணி நேரம் சொன்னார். என் மாணவி நோட்டில் எழுதிக்கொண்டாள். "இதையெல்லாம் யாருக்கு எழுதுதிய?" என்றார். கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன். "அப்ப எங்க ஊர்ப் பேரையும் போடுங்க" என்றார். அவர் சொன்ன இரண்டு ஓடைகளின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. இந்த வருஷம் சேர்த்துவிட்டோம்.

கணக்கெடுப்பு ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடக்கும். பறவை தெரியாதவர்களும் வரலாம், கூட ஒருவர் இருந்து சொல்லிக்கொடுப்பார். காலை ஆறு மணிக்குள் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.