கீஸருக்கு வைஃபை சுவிட்ச்: தண்ணி சுட்டதும் ஏன் ‘ஆஃப்லைன்’ ஆகிறது?

புதுச்சேரியில் கீஸருக்கு வேலை ஐப்பசி மழையில் தொடங்கி தை கடைசி வரைதான். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணியே கை வைக்க முடியாமல் கொதிக்கும். இருந்தாலும் படுக்கையிலிருந்தே போனில் தட்டி கீஸரைப் போட வேண்டும் என்று வைஃபை சுவிட்ச் மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மாட்டியவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “கால் மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் ஆஃப்லைன்னு காட்டுது. ரௌட்டர் கோளாறா?”

ரௌட்டரை விடுங்கள். சுவிட்ச் பாக்ஸைக் கழற்றி உள்ளே நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகும் ஒயர், இருக்கிறதா பாருங்கள்.

பல வீடுகளில் கீஸர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கும், சாக்கெட் உள்ளே இருக்கும். வெளி பாக்ஸுக்கு ஃபேஸ் மட்டும் வந்து திரும்பிப் போகும். நியூட்ரலான கறுப்பு ஒயர் நேரே சாக்கெட்டுக்குப் போய்விடும். இதைப் பார்த்ததும் ‘நியூட்ரல் தேவையில்லை’ என்று விற்கும் சுவிட்சை வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தச் சுவிட்ச் தனக்கு வேண்டிய கரண்டை லோடு (அது இயக்கும் பல்பு, கீஸர்) வழியாகவே எடுத்துக்கொள்ளும். பல்புக்கு அது போதும். கீஸருக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறதே! தண்ணி சுட்டதும் அது துண்டிக்கும், கூடவே சுவிட்சுக்கான வழியும் அறுந்துவிடும். 15 லிட்டர் தண்ணியை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் கீஸருக்குச் சுமார் 17 நிமிடம் ஆகும். ‘கால் மணி நேரம்’ கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. தவிர, இந்த வகையில் பெரும்பாலானவை விளக்குக்காகச் செய்தவை. 2000 வாட் கீஸர் இழுக்கும் 8.7 ஆம்பியரை அவை தாங்காது.

இன்னொரு தப்பு, சாதாரண ரிலே மாட்யூலின் (காயில் இழுத்து ஆன்-ஆஃப் செய்யும் வைஃபை சுவிட்ச்) நியூட்ரலுக்கான N முனையை கீஸருக்குப் போகும் ஒயரிலேயே சேர்த்துவிடுவது. ரிலே ஆஃபில் இருக்கும்போது எலிமென்ட் வழியாக நியூட்ரல் கிடைப்பதால் மாட்யூல் சமத்தாக இருக்கும். ஆன் செய்தால் இரண்டு முனையிலும் ஃபேஸ் வந்துவிடும், மாட்யூல் செத்து ரிலே விடும், மறுபடி உயிர் வரும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் வயரிங்கை இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

சரியான வழி, கீஸர் சாக்கெட்டிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயரைப் பைப்பில் இழுத்து பாக்ஸுக்குக் கொண்டுவருவது. பக்கத்து லைட் போர்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்காதீர்கள். அது வேறு ஆர்சிசிபியில் (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், போன கரண்டும் வந்த கரண்டும் ஒத்துப்போகாமல் டிரிப் ஆகலாம். ஒரே ஆர்சிசிபியாக இருந்தால் டிரிப் ஆகாது, ஆனால் லைட் எம்சிபியை (அந்த லைனின் பிரேக்கர்) மட்டும் இறக்கிவிட்டு அந்த நியூட்ரலைப் பிரிப்பவருக்கு கீஸர் லைனின் ஃபேஸ் மாட்யூல் வழியாக வந்து ஷாக் அடிக்கலாம்.

பைப்பில் சிமெண்ட் அடைத்து ஒயர் ஏறாத வீடுகள் நிறைய. அங்கே, என் கட்சி, டிபி பாக்ஸிலேயே (வீட்டு எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 25 ஆம்பியர், இரண்டு போல், 230 வோல்ட் காயில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) வைப்பதுதான். எம்சிபிக்குப் பின்னால் ஃபேஸ் ஒரு போலிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் போகட்டும். வைஃபை சுவிட்சின் சின்ன ரிலே கான்டாக்டர் காயிலின் A1 முனைக்கு மட்டும் ஃபேஸ் கொடுக்கட்டும், A2 முனையில் நியூட்ரல். டிபியில் கைவைக்க லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே பாக்ஸைத் திறந்தாலும் எம்சிபியை இறக்கிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

‘10 ஆம்பியர்’ என்று போட்ட குட்டி ரிலே 8.7 ஆம்பியரைத் தாங்கும் என்பது காகிதக் கணக்கு. கழற்றிப் பார்த்தால் முனையருகே பச்சை போர்டு பழுப்பேறி, பிளாஸ்டிக் உப்பி, திருகு கறுத்திருக்கும். 3000 வாட் கீஸர் என்றால் 13 ஆம்பியர். கான்டாக்டர் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம், ஒயரும் 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும். சூட்டில் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் போனில் ‘ஆஃப்’ என்றிருக்கும், கீஸர் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது காப்பாற்றுவது உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட்டும் தெர்மல் கட்-அவுட்டும்தான். ‘அதான் ஸ்மார்ட் சுவிட்ச் இருக்கே’ என்று அவற்றை ஷார்ட் செய்வது வீட்டில் வெடிகுண்டு வைப்பதற்குச் சமம்.

குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று பித்தளைத் திருகில் பச்சை பூக்க வைக்கும். 13 ஆம்பியர் போகும் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 17 வாட் சூடு, அதுவும் ஒரு திருகின் தலையில். ஒயர் நுனியைப் புதிதாகச் சீவி, லக் (உலோக முனை) வைத்துக் கிரிம்ப் செய்து இறுக்குங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

ஆப்பில் ‘கரண்டு வந்ததும் என்ன நிலை’ என்ற செட்டிங்கை ‘ஆஃப்’ என்று வையுங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அந்த மாதிரி நாளில் தொட்டியும் காலியாகும், கரண்டும் எப்போது வரும் என்று தெரியாது. பைப்பில் தண்ணியைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகியிருந்தால் கீஸர் தண்ணியும் கீழே இறங்கிவிடும். ‘கடைசி நிலை’ என்றிருந்தால் கரண்டு வந்ததும் வெற்று டேங்கில் எலிமென்ட் காய்ந்து கருகும்.

ஆர்சிசிபி விழுந்தால் எல்லாரும் புதிய சுவிட்சைத்தான் திட்டுகிறார்கள். கீஸர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் எலிமென்ட்; கடலூர்ப் பக்கத்து உப்பு போர் தண்ணியில் அது அரித்து ஓட்டை விழும். மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து 500 வோல்ட்டில் எலிமென்ட் முனைக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது கேஸ்கெட்டும் புதிது போடுங்கள். டேங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.